வணிகக் கணினியியலின் முதல் பருவத்துக்கு எது முதுகெலும்பு: விரிதாளா, தரவுத்தளமா, பைதானா?

பல பல்கலைக்கழகங்களில் வணிகவியல், மேலாண்மை, கணக்கியல் மாணவர்கள் முதலாண்டிலேயே ஒரு கணினிப் பாடம் படிக்கிறார்கள். அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு பருவம். வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு மணி நேரம். அதிலும் ஒரு பகுதி ஆய்வகத்தில் கழிந்துவிடும். அவர்களுள் பலருக்கு அதுவே கடைசிக் கணினிப் பாடமாகவும் அமைந்துவிடுகிறது. ஆகவே அந்தப் பருவத்தை எதைச் சுற்றிக் கட்டுவது என்பது பாடத்திட்டக் குழுவின் சிறு முடிவு போலத் தோன்றினாலும், அந்த மாணவர்கள் பிற்காலத்தில் எண்களை எவ்வாறு கையாளுவார்கள், எந்த எண்ணை நம்புவார்கள், எதைச் சந்தேகிப்பார்கள் என்பதையெல்லாம் அது பெருமளவில் தீர்மானிக்கிறது.

இந்த முடிவை எடுப்பவர்கள் வழக்கமாக இரண்டு அளவுகோல்களைக் கையில் எடுக்கிறார்கள். எந்தக் கருவிக்குத் திறன் அதிகம் என்பது ஒன்று. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் எந்தக் கருவியின் பெயர் அதிகம் வருகிறது என்பது மற்றொன்று. இரண்டும் பயனற்றவை அல்ல. ஆனால் முதற்பருவ மாணவருக்கு இவற்றைவிட அடிப்படையான தேவை ஒன்று உண்டு. ஓர் அறிக்கையில் உள்ள மொத்த விற்பனை என்ற எண்ணைச் சுட்டிக்காட்டி, ‘இது எங்கிருந்து வந்தது, இது சரி என்று எப்படித் தெரியும்?’ என்று கேட்டால், அவரால் மூலத் தரவு வரை பின்னோக்கி நடந்து சென்று விளக்க முடிய வேண்டும். வணிகத்தில் கணினியைப் பயன்படுத்துவதன் உயிர்நாடி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். எக்செல் போன்ற விரிதாள், தரவை அட்டவணைகளாகச் சேமிக்கும் தரவுத்தளம், பைதான் மொழியிலான நிரலாக்கம் ஆகிய மூன்றையும் இந்த அளவுகோலைக் கொண்டே இங்கு ஒப்பிடுகிறேன்.

ஒப்பீட்டுக்குள் நுழையும் முன் இரண்டு பழைய வடிவங்களை ஒதுக்கிவிடலாம். சொற்செயலி, விளக்கக்காட்சி, மின்னஞ்சல், விரிதாள் என அலுவலக மென்பொருள்களை வாரத்துக்கு ஒன்றாகச் சுற்றிக்காட்டும் பாடம் முதலாவது. எழுத்துருவை மாற்றவும் படம் சேர்க்கவும் மாணவர்கள் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு பருவத்தைச் செலவிட வேண்டியதில்லை. வன்பொருள், மென்பொருள், வலையமைப்பு, தகவல் முறைமைகளின் வகைகள் என்று வரையறைகளை எழுதவைக்கும் பாடம் இரண்டாவது. தரவைத் தொடாமல் தகவல் முறைமைகளைப் பற்றிப் படிப்பவருக்கு அந்த வரையறைகள் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். தேவையான கருத்துகளை, அவை தேவைப்படும் இடத்தில், கையிலுள்ள கோப்பைக் காட்டியே சொல்லிவிட முடியும்.

விரிதாள்

1978இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் எழுதப்பட்ட நிதிக் கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டு, அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கலாமே என்று எண்ணினார். பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. அதன் பின் 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் மெக்கின்டாஷ் கணினிக்கான எக்செல் என்று அந்த வழி அகன்றுகொண்டே வந்தது. வணிகம் படித்த ஒரு மாணவர் தன் வகுப்பறையில் கண்ட தேவையிலிருந்து பிறந்த கருவி இது. இன்றும் ‘விலையை ஐந்து விழுக்காடு குறைத்தால் இலாபம் என்னவாகும்?’ என்ற கேள்விக்கு இதைவிட விரைவாகவும் கண்ணெதிரேயும் விடை காட்டும் கருவி வேறில்லை. உள்ளீட்டுக் கலத்தில் ஓர் எண்ணை மாற்றிய மறுகணமே கீழே நிகர இலாபம் மாறுவதைப் பார்க்கும் மாணவர், மாறிகளுக்கு இடையிலான சார்பு என்றால் என்ன என்பதை எந்த விரிவுரையும் இன்றிப் புரிந்துகொள்கிறார்.

கற்கத் தொடங்குவதும் எளிது. நிறுவல் சிக்கல் இல்லை. முதல் மணி நேரத்திலேயே ஏதேனும் ஒரு பயனுள்ள கணக்கைச் செய்துவிடலாம். தரவு முழுவதும் கண்முன் விரிந்து கிடக்கிறது. ஆனால் அதன் குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. விரிதாள் தரவைக் காட்டுகிறது, அந்தத் தரவின் மீது நடந்த கணக்கைக் கலங்களுக்குப் பின்னால் மறைத்துவைக்கிறது. ஆயிரம் கலங்களில் ஒரே சூத்திரம்தான் இருக்கிறதா, நடுவில் எங்கேனும் ஒருவர் சூத்திரத்தை அழித்துவிட்டு எண்ணைத் தட்டச்சு செய்துவிட்டாரா என்பது மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தெரியாது.

இதை மாணவருக்கு உணர்த்த ஒரு சிறிய எடுத்துக்காட்டு போதும். விலைப்பட்டியலில் 101, 102, 104, 105 என்ற நான்கு பொருள் குறியீடுகள் இருக்கின்றன, 103 இல்லை. விற்பனைப் பட்டியலில் ஒரு வரிசையில் 103 வருகிறது. குறியீட்டைப் பட்டியலில் தேடி அதற்குரிய மதிப்பை எடுத்துத் தரும் வீலுக்கப் சார்பை அதன் நான்காவது உள்ளீட்டைக் கொடுக்காமல் எழுதினால், அது ஏறக்குறைய பொருந்தும் விடையைத் தேடும் முறையை எடுத்துக்கொண்டு, 103ஐவிடச் சிறியவற்றுள் அதற்கு மிக அருகில் உள்ள 102இன் விலையை அமைதியாகத் திருப்பித் தரும். எச்சரிக்கையும் இல்லை, பிழைக்குறியும் இல்லை. அந்த விலை அளவால் பெருக்கப்பட்டு, மொத்தத்தில் சேர்ந்து, அறிக்கையில் அச்சாகிவிடும். நான்காவது உள்ளீட்டில் துல்லியமான பொருத்தம் வேண்டும் என்று சொல்லியிருந்தால், அந்தக் கலத்தில் விடை கிடைக்கவில்லை என்ற பிழைக்குறி தோன்றியிருக்கும். பிழைக்குறி தோன்றுவது நல்லது என்பதை ஒரு வணிக மாணவர் எவ்வளவு விரைவில் கற்கிறாரோ அவ்வளவு நன்மை. பின்னர் வந்த எக்ஸ்லுக்கப், துல்லியமான பொருத்தத்தையே இயல்பாகக் கொண்டிருக்கிறது. இருந்தாலும் அலுவலகங்களில் புழங்கும் பழைய கோப்புகளில் வீலுக்கப் நிறைந்திருப்பதால் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.

வேறொரு நுணுக்கம், பாடநூல்களில் அரிதாகவே பேசப்படுவது. விரிதாளில் எண்கள் இயல்பாகக் கலத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும்; உரை இடப்பக்கம் ஒட்டி நிற்கும். வேறொரு மென்பொருளிலிருந்து எடுத்து ஒட்டிய பட்டியலில் சில தொகைகள் உரையாக வந்துவிட்டால், அவை இடப்பக்கம் நின்று தம்மைக் காட்டிக்கொடுக்கும். கூட்டல் சார்பான சம், ஒரு நெடுவரிசையைக் கூட்டும்போது உரையாக உள்ளவற்றைப் பொருட்படுத்தாமல் தாண்டிச் சென்றுவிடும். ஆகவே மொத்தம் குறையும். அழகுக்காக அந்த நெடுவரிசை முழுவதையும் நடுவில் நிறுத்துபவர், எளிதில் கண்ணில் படும் ஒரு தடயத்தை அழித்துவிடுகிறார். தரவு வகை என்ற கருத்தைக் கற்பிக்க இதைவிடத் தெளிவான வாயில் இல்லை.

இத்தகைய பிழைகள் வகுப்பறையோடு நிற்பவை அல்ல. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட, அரசுக் கடனும் பொருளாதார வளர்ச்சியும் குறித்த ஆய்வுக் கட்டுரை பல நாடுகளின் கொள்கை விவாதங்களில் மேற்கோள் காட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சியாக அந்த முடிவுகளை மீண்டும் கணக்கிட முயன்றபோது எண்கள் ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமிருந்தே விரிதாளைப் பெற்றுப் பார்த்ததில், சராசரி காணும் சூத்திரத்தின் வரம்பு ஐந்து வரிசைகளுக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. ஐந்து நாடுகள் கணக்கில் சேரவே இல்லை. கடன் மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 விழுக்காடு என்று கட்டுரை சொல்லியிருக்க, 2013இல் வெளியான மறுகணக்கு 2.2 விழுக்காடு என்றது. இந்த வேறுபாட்டுக்குச் சூத்திரப் பிழை ஒரு சிறு காரணமே. சில ஆண்டுகளின் தரவை விட்டதும், நாடுகளுக்கு எடை அளித்த முறையும் பெரிய காரணங்கள். எனினும் இந்த நிகழ்வை முதற்பருவ மாணவருக்குச் சொல்வதற்குத் தனிப் பயன் உண்டு: பிழையைக் கண்டவரும் ஒரு மாணவரே, அவர் செய்தது, ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்று பொறுமையாகப் பின்தொடர்ந்தது மட்டுமே.

கொள்ளளவும் ஒரு வரம்பு. எக்செல்லின் பழைய எக்ஸ்.எல்.எஸ் கோப்பு வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காது. 2007 முதல் வந்த புதிய வடிவம் 10,48,576 வரிசைகளைத் தாங்கும். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை ஆய்வகங்களின் கொரோனா முடிவுகளைப் பழைய வடிவக் கோப்புகளில் ஏற்றியபோது, வரம்புக்கு அப்பால் இருந்த வரிசைகள் விடுபட்டு, செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் சேராமல் போயின; அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமானது. பதிவுகளைச் சேமித்து ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கடத்தும் வேலைக்கு விரிதாளைப் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

தரவுத்தளம்

1970இல் ஐ.பி.எம் நிறுவனத்தின் எட்கர் காட், பெருந்தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கும் முறையை முன்வைத்தார். அதே நிறுவனத்தில் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கான மொழியை வடிவமைத்தனர், அதுவே எஸ்.கியூ.எல் ஆகி, 1986இல் அமெரிக்கத் தர நிறுவனத்தின் தரநிலையாகவும் அடுத்த ஆண்டில் பன்னாட்டுத் தரநிலையாகவும் ஏற்கப்பட்டது. கணினித் துறையில் அரை நூற்றாண்டு நிலைத்து நிற்கும் மொழிகள் சிலவே. இன்று கற்றது மாணவர் பணி ஓய்வு பெறும்வரை பயன்படுமா என்று கேட்டால், இந்த மூன்றில் எஸ்.கியூ.எல் பற்றித்தான் மிகுந்த நம்பிக்கையோடு ஆம் என்று சொல்வேன்.

தரவுத்தளத்தின் கல்விப் பயன் அதன் கண்டிப்பில் இருக்கிறது. தொகை என்ற நெடுவரிசை எண் வகையைச் சார்ந்தது என்று போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில் அறிவித்துவிட்டால், அதில் ஓர் உரையை இட முயன்றால் அது மறுத்துவிடும். வாடிக்கையாளர் எண்தான் ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோல் என்று அறிவித்தால், அதே எண் இரண்டாம் முறை நுழையாது. விரிதாளில் ஒழுக்கமாக இருப்பவர் மட்டுமே கடைப்பிடிக்கும் விதிகளை இங்கு அமைப்பே கடைப்பிடிக்கவைக்கிறது. ‘ஒரு வரிசை என்பது எதைக் குறிக்கிறது: ஒரு வாடிக்கையாளரையா, ஓர் ஆணையையா, ஆணையில் உள்ள ஒரு பொருளையா?’ என்ற கேள்வியை முதல் நாளே எதிர்கொள்ளாமல் ஓர் அட்டவணையைக்கூட உருவாக்க முடியாது. வணிகத் தரவைப் பற்றி ஒருவர் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே பயன் மிகுந்தது இதுதான்.

வினவல் மொழியும் தொடக்கத்தில் அச்சமூட்டுவதில்லை. செலெக்ட் (எதை எடுப்பது), ஃப்ரம் (எந்த அட்டவணையிலிருந்து), வேர் (எந்த நிபந்தனையில்), குரூப் பை (எதன்படி தொகுப்பது), ஜாயின் (எதோடு இணைப்பது) என்ற ஐந்து சொற்களைக் கொண்டு ஓர் அங்காடியின் ஓராண்டு விற்பனை குறித்த பெரும்பாலான கேள்விகளைக் கேட்டுவிடலாம். எழுதிய வினவலே கணக்கின் ஆவணமாகவும் நிற்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவரும் எந்த நிபந்தனையில் எந்த வரிசைகள் எடுக்கப்பட்டன என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பின்னோக்கி நடக்கும் என் அளவுகோலில் இது விரிதாளைவிட உயர்ந்து நிற்கிறது.

ஆனால் இங்கும் ஓசையின்றி நேரும் பிழைகள் உண்டு. மாணவர்கள் இவற்றில் தடுக்கி விழுவதே பாடத்தின் மதிப்புமிக்க பகுதி. ஆணைகள் ஓர் அட்டவணையிலும், பெற்ற பணம் மற்றோர் அட்டவணையிலும் இருக்கின்றன. ஒரு வாடிக்கையாளர் 1,000 மதிப்புள்ள ஓர் ஆணைக்கு 600, 400 என இரு தவணைகளில் செலுத்தியிருக்கிறார். இரு அட்டவணைகளையும் ஆணை எண்ணைக் கொண்டு இணைத்து, ஆணையின் தொகையைக் கூட்டினால் விடை 2,000 என்று வரும். ஏனெனில் இணைப்பில் அந்த ஆணை இரண்டு வரிசைகளாகப் பெருகிவிட்டது. வினவலில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. மொத்த விற்பனை உயர்ந்துவிட்டதாக மகிழும் முன், இணைத்த பின் எத்தனை வரிசைகள் உள்ளன என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இதற்கு எதிர்த்திசையில், சாதாரண இணைப்பு எந்த ஆணையும் இல்லாத வாடிக்கையாளரைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுகிறது. ‘இந்த மாதம் எதுவும் வாங்காதவர்கள் யார்?’ என்பதைக் காண, ஆணை இல்லாத வாடிக்கையாளரையும் விடாமல் வைத்துக்கொள்ளும் இடப்புற இணைப்பு தேவை. இந்த இரண்டையும் புரிந்துகொண்ட மாணவர், பின்னாளில் வேறு எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் அந்தப் புரிதல் அவரோடு வரும்.

எனினும் தரவுத்தளத்தை மட்டுமே வைத்து முதற்பருவத்தை நடத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடந்ததைப் பற்றிக் கேட்க அது சிறந்த கருவி. நடக்கப்போவதைக் கணித்துப் பார்க்க அது வசதியானதன்று. வரவு செலவுத் திட்டம், இலாப நட்டமில்லாப் புள்ளி, கடன் தவணை அட்டவணை ஆகியவற்றை எஸ்.கியூ.எல் கொண்டு செய்யவைப்பது மாணவரை வீணாக வருத்துவதாகும். அடுத்த பருவங்களில் வரும் கணக்கியல், நிதி மேலாண்மைப் பாடங்கள் விரிதாள் தெரியும் என்று எடுத்துக்கொண்டே தொடங்குவதால், அதைத் தவிர்த்துவிட்டால் பாடங்களுக்கிடையே ஓர் இடைவெளி விழும்.

பைதான்

கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட பைதான், வணிகத் தரவுப் பகுப்பாய்வில் இவ்வளவு பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம், அட்டவணைத் தரவைக் கையாள உதவும் பாண்டாஸ் என்ற நிரல் நூலகம். முதலீட்டு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்தபோது வெஸ் மெக்கின்னி 2008இல் அதை எழுதத் தொடங்கினார். அதன் வலிமை, திரும்பத் திரும்பச் செய்யும் வேலையில் தெரியும். பன்னிரண்டு மாதங்களின் விற்பனைக் கோப்புகளை ஒன்றுசேர்த்து, நெடுவரிசைப் பெயர்களைச் சீராக்கி, கிளைவாரியாகத் தொகுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விரிதாளில் நகலெடுத்து ஒட்டிச் செய்தால் நடுவில் ஒரு மாதம் இருமுறை ஒட்டப்பட்டதா என்பது செய்தவருக்கே நினைவிராது. பைதானில் சில வரிகளில் எழுதிய நிரல், மூலக் கோப்புகளைத் தொடாமல், அடுத்த ஆண்டும் அதே வேலையை அதே விதத்தில் செய்யும். எக்செல்லுக்குள்ளேயே இருக்கும், கோப்புகளைச் சேர்த்துச் சீராக்கும் பவர் குவெரி வசதியும் இந்த வேலையைச் செய்யக்கூடியது என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். நிரலாக்கத்தின் சார்பாக வாதிடுபவர்கள் அதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

பிரச்சினை, அந்தப் பயனைச் சென்றடைய எடுக்கும் காலம். மாறி, பட்டியல், நிபந்தனை, சுழற்சி, சார்பு என்று அடிப்படைகளைத் தாண்டவே பருவத்தின் பாதி போய்விடும். அதுவரை மாணவர் செய்யும் பயிற்சிகளுக்கும் அவர் படிக்கும் வணிகத்துக்கும் தொடர்பே இராது. வகுப்பில் ஏற்கெனவே நிரலாக்கம் பயின்றவர்கள் சிலர் இருப்பார்கள். முதல் மூன்று வாரங்களிலேயே அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே உருவாகும் தூரத்தைப் பிறகு குறைப்பது கடினம். அரைகுறையாக நிற்கும் நிரலாக்க அறிவு, அரைகுறையான விரிதாள் அறிவைப் போல் அன்றாட வேலைக்குப் பயன்படுவதும் இல்லை.

என் அளவுகோலில் பைதானின் நிலை கலவையானது. விரிதாளுக்கு நேரெதிராக, இது கணக்கின் படிகளை வெளிப்படையாகக் காட்டுகிறது, தரவைக் கண்ணிலிருந்து மறைக்கிறது. தொகை நெடுவரிசையில் 1,200 என்று காற்புள்ளியோடு ஒரு மதிப்பு இருக்கும் கோப்பைப் பாண்டாஸ் இயல்பான அமைப்பில் படித்தால், அந்த நெடுவரிசையை உரையாக எடுத்துக்கொள்ளும். 1,200, 800 என்ற இரண்டையும் கூட்டச் சொன்னால் 2,000 வராது. இரண்டும் ஒட்டிக்கொண்டு 1,200800 என்ற உரை வரும். இரண்டு வரிசைகளில் இது உடனே தெரியும். ஆயிரம் வரிசைகளில் அந்தக் கணக்கு நிரலின் நடுவே எங்கோ நடந்தால், தொடக்கநிலை மாணவருக்கு எங்கே தேடுவது என்றே புரியாது. 00417 போன்ற வாடிக்கையாளர் எண்ணின் முன்னிற்கும் சுழியங்களும் கோப்பைப் படிக்கும்போதே உதிர்ந்துவிடும்; எக்செல் செய்யும் அதே பிழையைப் பாண்டாஸும் செய்கிறது. தரவைக் கண்ணால் பார்த்துப் பழகியவருக்கு இவை உடனே உறைக்கும். ஆகவேதான் நிரலாக்கத்தை முதலில் அல்லாமல் பின்னர் வைக்க விரும்புகிறேன்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலையும் சூத்திரத்தையும் வினவலையும் எழுதித் தரும் இக்காலத்தில் இந்த ஒப்பீடே தேவையற்றது என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. அத்தகைய கருவியிடம் மொத்த விற்பனையைக் கேட்டால், மேலே சொன்ன, 1,000ஐ 2,000 ஆக்கும் வினவலை அது எழுதித் தர எல்லா வாய்ப்பும் உண்டு. ஏனெனில் ஒரு தொகையை இரு தவணைகளில் பெறும் வழக்கம் அந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. எழுதும் திறனின் பங்கு குறைந்து, படித்துச் சரிபார்க்கும் திறனின் பங்கு கூடியிருக்கிறது. எழுதிக் கொடுக்கப்பட்ட ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள எளிதானது எது என்று பார்த்தாலும், குறுகிய எஸ்.கியூ.எல் வினவலும், உள்ளீடுகளும் கணக்குகளும் தனித்தனியாக வைக்கப்பட்ட விரிதாளும் முதலாண்டு மாணவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஐம்பது வரிப் பைதான் நிரல் அப்படியில்லை.

எதைக் கொண்டு கற்பிப்பது

மென்பொருள் தேர்வைப் பற்றி நீண்ட விவாதம் வேண்டாம். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரேஆபீஸ் கால்க் ஆகிய மூன்றிலும் அடிப்படைச் சூத்திரங்கள் ஏறத்தாழ ஒன்றே. எக்செல்லில் பவர் குவெரி உண்டு, அலுவலகங்களில் மிகப் பரவலாகப் புழங்குவதும் அதுவே. கூகுள் ஷீட்ஸில் ஒரு கோப்புக்கு ஒரு கோடிக் கலங்கள் என்ற வரம்பு இருக்கிறது; முதற்பருவத்துக்கு அது தாராளம். கோப்பின் முந்தைய பதிப்புகள் தாமாகச் சேமிக்கப்படுவதால் குழுப் பயிற்சிகளில் யார் எதை எப்போது மாற்றினார் என்று ஆசிரியர் பார்க்க முடிகிறது. கால்க் கட்டணமின்றிக் கிடைக்கிறது, இணைய இணைப்பும் வேண்டியதில்லை. மாணவர்களிடம் இருக்கும் கணினிகளைப் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட் போதும்: ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட இது பதிப்புரிமைக் கட்டுப்பாடு இன்றி எல்லோருக்கும் பொதுவாக வழங்கப்படுகிறது, தனியாக வழங்கி (சர்வர்) எதுவும் நிறுவ வேண்டியதில்லை, ஒரு தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடுகிறது. அதன் இயல்பான அமைப்பு தரவு வகைகளில் போஸ்ட்கிரெஸ் அளவுக்குக் கண்டிப்பாக இராது என்பதை மட்டும் ஆசிரியர் நினைவில் வைத்து, கண்டிப்பான அட்டவணைகளை அறிவிக்கும் வசதியைப் பயன்படுத்தவோ, நிபந்தனைகளைத் தாமே சேர்க்கவோ வேண்டும்.

என் பரிந்துரை

பதினான்கு வாரப் பருவம் என்று கொண்டால், விரிதாளுக்கு எட்டு வாரங்களும், தரவுத்தளத்துக்கு ஐந்து வாரங்களும், பைதானுக்கு ஒரே ஒரு வாரமும் கொடுப்பேன். இதில் வாரங்களின் எண்ணிக்கையைவிட வரிசை முறை முக்கியமானது. விரிதாள் பகுதியின் முதல் இரண்டு வாரங்களில் சூத்திரமே வரக்கூடாது என்பது என் கருத்து. தரவு வகைகள், ஒரு வரிசைக்கு ஒரு நிகழ்வு என்ற ஒழுங்கு, ஒரு கலத்தில் ஒரே மதிப்பு, நிறத்தைக் கொண்டு பொருள் உணர்த்தாமை, தேதி என்பது உள்ளுக்குள் ஓர் எண் என்ற புரிதல் ஆகியவற்றை முதலில் உறுதிப்படுத்த வேண்டும். தேதிக்கு ஒரு சுவையான சான்று உண்டு: எக்செல் 1900 பிப்ரவரி 29 என்ற, நாட்காட்டியில் இல்லாத ஒரு நாளை ஏற்றுக்கொள்ளும், லோட்டஸ் 1-2-3 கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அந்தப் பழைய பிழை அப்படியே காக்கப்பட்டது. தேதிகளுக்குப் பின்னால் 1900 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் வரிசை எண்தான் இருக்கிறது என்பதை இதைக் காட்டியே விளக்கிவிடலாம்.

அதன் பின் சூத்திரத்தை நகலெடுக்கும்போது மாறாத நிலையான குறிப்புக்கும் மாறிக்கொண்டே வரும் நகரும் குறிப்புக்கும் உள்ள வேறுபாடு, தேடல் சார்புகள், நிபந்தனைக் கூட்டல்கள், தரவைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் பிவட் அட்டவணை; இறுதியில் உள்ளீடுகள் ஒரு தாளிலும் கணக்குகள் மற்றொன்றிலும் அமைந்த ஒரு வரவு செலவு மாதிரி. ஒன்பதாம் வாரத்தில் தரவுத்தளத்துக்கு மாறும்போது புதிய தரவைக் கொடுக்கக்கூடாது. அதுவரை பயன்படுத்திய விற்பனைப் பட்டியலையே வாடிக்கையாளர், ஆணை, பொருள், வரவு என நான்கு அட்டவணைகளாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். பிவட் அட்டவணையில் கண்ட மொத்தமும் குரூப் பை வினவலில் வரும் மொத்தமும் ஒத்துவருகின்றனவா என்று மாணவர் தாமே ஒப்பிட்டுப் பார்க்கும்போது, இரண்டாவது கருவி முதல் கருவிக்குத் தணிக்கையாளராக நிற்கிறது. ஒரு விடையை வேறொரு வழியில் சரிபார்ப்பது என்ற பழக்கம் இவ்வாறுதான் கைவருகிறது. இரண்டு கருவிகளையும் ஒரே பருவத்தில் வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதன்மைக் காரணமும் இதுவே. கடைசி வாரத்தில் அதே தரவைப் பாண்டாஸ் கொண்டு தொகுத்துக் காட்டினால், விரும்புபவர்கள் அடுத்த பருவத்தில் அந்தப் பாதையில் செல்லலாம்.

இந்தப் பரிந்துரை எல்லாச் சூழலுக்கும் பொருந்தாது. பள்ளியிலேயே நிரலாக்கம் பயின்று வந்த மாணவர்கள் வகுப்பில் பெரும்பான்மையினராக இருந்தால், அல்லது துறையில் இரண்டாவது கணினிப் பாடமும் கட்டாயமாக இருந்தால், பைதானுக்கு நான்கைந்து வாரங்கள் ஒதுக்கி விரிதாள் பகுதியைச் சுருக்கலாம். கணக்கியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்டவர்களுக்கு எஸ்.கியூ.எல் பகுதியைக் குறைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். தணிக்கையில் அவர்கள் எதிர்கொள்ளப்போவது கோடிக்கணக்கான பதிவுகளை. பகுதிநேரமாகப் படிப்பவர்களும் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும் நிறைந்த வகுப்பில், அவர்கள் தினமும் திறக்கும் கோப்புகளையே, பெயர்களையும் தொகைகளையும் மாற்றிப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டால், எட்டு வார விரிதாள் பகுதியை ஐந்து வாரத்தில் முடித்துவிடலாம்.

மதிப்பீட்டு முறையை மாற்றாமல் பாடத்தை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. வெற்றுத் தாளைக் கொடுத்து ‘இந்தக் கணக்கைச் செய்’ என்று கேட்பதற்குப் பதிலாக, ஏற்கெனவே முடிக்கப்பட்ட ஒரு கோப்பைக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு சூத்திரத்தின் வரம்பு இரண்டு வரிசை குறைந்திருக்கும். ஒரு கலத்தில் சூத்திரத்துக்குப் பதில் எண் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். மூன்று தொகைகள் உரையாக இருந்தும் நடுவில் நிறுத்தப்பட்டிருப்பதால் எண்களைப் போலத் தெரியும். கூடவே உள்ள வினவலில் ஒரு இணைப்பு வரிசைகளைப் பெருக்கியிருக்கும். எத்தனை பிழைகள் என்று சொல்லக்கூடாது. ஒவ்வொரு பிழையையும் எப்படிக் கண்டுபிடித்தார், அது மொத்தத்தை எவ்வளவு மாற்றியது, எந்தச் சோதனையைச் சேர்த்திருந்தால் அது முன்பே பிடிபட்டிருக்கும் என்று மாணவர் சில வாக்கியங்களில் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பாதியை அந்த வாக்கியங்களுக்கு ஒதுக்கலாம்.